தப்பான விடையிலிருந்து தப்பு நடந்த வரிக்கு: நிகழ்தகவு, இயற்கணிதக் கணக்குகளில் பிழை நீக்கும் வழிமுறை

கணக்கு தப்பு என்று தெரிந்ததும் பிள்ளைகளின் கை நேராக ரப்பருக்குத்தான் போகிறது. பல வருடங்களாகச் சாயங்கால வேளைகளில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் மேசையில் ரப்பர் கிடையாது. தப்பான வரியின்மேல் ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். அழித்துவிட்டால் எங்கே சறுக்கினோம் என்ற தடயமும் சேர்ந்து போய்விடும். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே சறுக்கல் நடக்கும்.

ஒரே கணக்கில் நாலு பேர் நாலு விதமாகத் தவறினால் நாலு வேறு விடைகள் வரும். பெரும்பாலும் அந்த விடையைப் பார்த்தே எந்த வரியில் கால் இடறியது என்று சொல்லிவிடலாம். அதைப் பிள்ளைகளே செய்யப் பழகவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால்தான் இதைப் பாடம் பாடமாக எழுதாமல் அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். மாறிகளுக்கு ‘ப’, ‘ம’ என்று தமிழ் எழுத்துகளைப் போட்டிருக்கிறேன். புத்தகத்தில் வரும் எக்ஸ், ஒய் இடத்தில் இவற்றை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்தகவு 1-ஐத் தாண்டிவிட்டது

25/20 என்று ஒரு விடை வந்திருக்கிறது. நிகழ்தகவு 1 என்றாலே கட்டாயம் நடக்கும் என்று அர்த்தம். கட்டாயத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆகவே மேற்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் நில்லுங்கள்.

1 முதல் 20 வரை எண் எழுதிய சீட்டுகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. ஒன்றை எடுக்கிறோம். இரட்டை எண் அல்லது 5-ஐ விடப் பெரிய எண் கிடைக்க நிகழ்தகவு என்ன? இரட்டை எண்கள் 10, 5-ஐ விடப் பெரியவை 15, கூட்டினால் 25. டப்பாவில் இருப்பதே 20 சீட்டுதான். அப்படியென்றால் சில சீட்டுகளை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். 6, 8, 10 என்று 20 வரை உள்ள 8 சீட்டுகள் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. 10 + 15 − 8 = 17. விடை 17/20.

இதைச் சரிபார்க்க எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். இரட்டையும் இல்லை, 5-ஐ விடப் பெரியதும் இல்லை என்றால் 1, 3, 5 மட்டும்தான் மிஞ்சும். 20-இல் 3 போனால் 17. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன, நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

எனக்குக் கவலை தருவது இந்தத் தப்பு வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும்போதுதான். அதே டப்பாவில் 2-இன் மடங்கு அல்லது 3-இன் மடங்கு என்று கேட்டால் 10 + 6 = 16, விடை 16/20 என்று எழுதிவிடுவார்கள். 1-க்குள் இருப்பதால் சந்தேகமே வராது. 6, 12, 18 மூன்றும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. சரியான விடை 13/20. ஆகவே ‘அல்லது’ என்ற சொல்லைப் பார்த்ததும், கூட்டுவதற்கு முன்னால் “இரண்டிலும் இருப்பது எது?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் அவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், நேராகக் கூட்டிவிடலாம்.

எனக்கு 1/3 வந்தது, புத்தகத்தில் 1/2 என்று இருக்கிறது

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒன்று தலை, ஒன்று பூ விழ நிகழ்தகவு என்ன என்ற கணக்கில் வருவது இது. இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என்று மூன்று நிலைகள், அதில் ஒன்று நமக்கு வேண்டியது, ஆகவே 1/3. கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

இப்படி யோசிக்கிற பிள்ளையைத் திட்டவே கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான டாலம்பேர், 1754-இல் வெளியான பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத் தொகுதியில் இதே வகைத் தப்பை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தடவை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு என்ன என்பது கேள்வி. முதல் தடவையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. மூன்று நிலைகள், இரண்டு சாதகம், ஆகவே 2/3 என்றார். சரியான விடை 3/4.

அவர் சறுக்கிய இடமும் நம் பிள்ளைகள் சறுக்கும் இடமும் ஒன்றுதான். சாதகமான நிலைகளை மொத்த நிலைகளால் வகுக்கலாம் என்ற விதி, எல்லா நிலைகளும் சம வாய்ப்பு உள்ளவையாக இருந்தால் மட்டுமே பொருந்தும். மூன்று பெயர் வைத்துவிட்டதால் மூன்றும் சமமாகிவிடாது.

நான் சொல்லித்தரும் மருந்து மிக எளியது. ஒரு நாணயம் ஒரு ரூபாய், மற்றது ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ‘ஒன்று தலை, ஒன்று பூ’ என்பது இரண்டு வழிகளில் நடக்கும்: ஒரு ரூபாயில் தலை, ஐந்தில் பூ, அல்லது ஒரு ரூபாயில் பூ, ஐந்தில் தலை. ஆக கூறுவெளியில், அதாவது நடக்கக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலில், நாலு விளைவுகள், சாதகம் இரண்டு, விடை 2/4. இரண்டு நாணயமும் ஒரே மாதிரி இருந்தாலும் இதே விடைதான். நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாததால் நாணயம் விழும் விதம் மாறிவிடுவதில்லை.

பகடையிலும் இதே கதை. இரண்டு பகடைகளின் கூடுதல் 7 வர 1/7 என்று யாராவது எழுதினால், அவர்கள் (3, 4), (4, 3) இரண்டையும் ஒன்றாக எண்ணி, கூறுவெளியை 36-க்குப் பதில் 21 ஆகச் சுருக்கிவிட்டார்கள். ஒரு பகடைக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் என்று மனதில் வண்ணம் பூசுங்கள். 6/36, அதாவது 1/6 வந்துவிடும். மூன்று பகடைகளை உருட்டினால் கூடுதல் 9-ஐயும் 10-ஐயும் எண்களாகப் பிரிக்க ஆளுக்கு ஆறு வழிகள்தான், ஆனால் 10 கொஞ்சம் அதிகமாக விழுகிறதே என்று சூதாடிகள் குழம்பியபோது, கலிலியோ 216 விளைவுகளையும் எண்ணிக் காட்டினார்: 9-க்கு 25, 10-க்கு 27. அவர் செய்ததும் ஒவ்வொரு பகடையையும் தனித்தனியாகப் பார்த்ததுதான்.

‘குறையாத’, ‘மிகாத’, ‘ஆவது’: எதை எண்ணுவது என்றே குழப்பம்

இந்த அறிகுறியைக் கணக்குப் பலவீனம் என்று பல பெற்றோர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இது வாசிப்பில் வரும் பிழை. பகடையில் ‘5-க்குக் குறைவான’ என்றால் 1, 2, 3, 4. ‘5-க்குக் குறையாத’ என்றால் 5, 6. இரண்டு எழுத்துதான் வித்தியாசம், விடை தலைகீழாகிவிடும். ‘5-க்கு மிகாத’ என்றால் 5-உம் சேரும். ‘5-ஐ விட அதிகமான’ என்றால் 5 சேராது. தேர்வு அவசரத்தில் ‘குறை’ வரை படித்துவிட்டு மீதியை மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும். அந்தச் சொல்லின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் சேரும் எண்களை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று நாணயங்களை எடுத்துக்கொள்வோம். மொத்த விளைவுகள் 8. சரியாக ஒரு தலை: 3/8. ஒரு தலையாவது, அதாவது குறைந்தது ஒரு தலை: 7/8. அதிகபட்சம் ஒரு தலை: 4/8. கடைசியில் பலர் 3/8 என்று எழுதுவார்கள், தலையே விழாத ஒரு விளைவை மறந்துவிட்டு. பூஜ்யமும் ‘அதிகபட்சம் ஒன்று’ என்பதில் அடங்கும்.

‘ஆவது’ என்று வந்தாலே நிரப்பு நிகழ்ச்சியை, அதாவது கேட்டது நடக்காமல் போவதைத் தேடுங்கள். ஒரு பகடையை நாலு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது 6 விழ நிகழ்தகவு என்ன? ஒரு தடவைக்கு 1/6, நாலு தடவைக்கு 4/6 என்று கூட்டினால் தப்பு. அதே வழியில் ஏழு தடவைக்கு 7/6 வந்துவிடும், முதல் அறிகுறிக்கே திரும்பிவிட்டோம். 6 விழவே விழாமல் போக ஒவ்வொரு தடவையும் 5/6; நாலு தடவைக்கு 625/1296. அதை 1-இலிருந்து கழித்தால் 671/1296, பாதிக்குச் சற்று மேல். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் சூதாட்ட மேசையிலிருந்து வந்த கேள்வி இது. பிரெஞ்சுக் கணித மேதைகளான பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் எழுதிக்கொண்ட கடிதங்களில் இதுபோன்ற பகடைக் கேள்விகளிலிருந்துதான் நிகழ்தகவு ஒரு பாடமாக உருவெடுத்தது.

சமன்பாட்டை முடித்தேன், விடையைத் திரும்பப் போட்டால் ஒத்துவரவில்லை

முதலில் ஒன்று: திரும்பப் போட்டுப் பார்த்தீர்களே, அதுவே பாதி வெற்றி. பலர் பார்ப்பதே இல்லை.

7 − 2(ப − 3) = 3. பார்க்கச் சாதுவான கணக்கு, ஆனால் நான் புதிதாக வரும் எந்தப் பிள்ளைக்கும் இதைத்தான் முதலில் கொடுப்பேன். சரியான விடை 5. போட்டுப் பார்த்தால் 7 − 2 × 2 = 3, பொருந்துகிறது. உங்களுக்கு வேறு ஏதாவது வந்திருந்தால், இப்படித் தேடுங்கள்.

விடை −1 வந்ததா? அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது 7 − 2ப − 6 என்று எழுதியிருப்பீர்கள். வெளியே இருக்கும் மைனஸ் முதல் உறுப்போடு நின்றுவிட்டது. −2-ஐ −3-ஆல் பெருக்கினால் +6.

3.5 வந்ததா? குறியைச் சரியாக மாற்றினீர்கள், 2-ஆல் பெருக்க மறந்துவிட்டீர்கள். 7 − 2ப + 3 என்ற வரி உங்கள் நோட்டில் இருக்கும்.

0.5 வந்ததா? 7 − 2ப − 3 என்று எழுதி, குறி, பெருக்கல் இரண்டையுமே விட்டிருக்கிறீர்கள்.

3.6 வந்தால் கதை வேறு. 7-இலிருந்து 2-ஐ முதலில் கழித்து 5(ப − 3) = 3 என்று ஆக்கிவிட்டீர்கள். அந்த 2 தனி ஆள் இல்லை, அடைப்புக்குறியோடு பெருக்கலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெருக்கல் முடிந்த பிறகுதான் கழித்தல். இதைச் செய்கிற பிள்ளைக்கு அடைப்புக்குறியைப் பற்றி எத்தனை தடவை விளக்கினாலும் பயனில்லை. பெருக்கல், கழித்தல் போன்றவற்றில் எதை முதலில் செய்வது என்ற வரிசையைத்தான் சொல்லித்தரவேண்டும். ‘கவனக்குறைவு’ என்று நாலு பேருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால் நாலு பேருக்கும் சரியான உதவி கிடைக்காது.

அடைப்புக்குறியே இல்லாத கணக்கிலும் ஒத்துவரவில்லை என்றால், “பக்கம் மாறினால் குறி மாறும்” என்ற வாய்ப்பாட்டைச் சந்தேகியுங்கள். −3ப = 12 என்பதில் −3 வலப்பக்கம் போய் +3 ஆகிவிட்டது என்று ப = 15 எழுதுகிறவர்கள் உண்டு; குறியை மட்டும் மாற்றி ப = 12/3 = 4 என்று எழுதுகிறவர்களும் உண்டு. விடை −4. எண்கள் எங்கேயும் நடந்துபோவதில்லை. தராசின் இரண்டு தட்டிலும் நாம் ஒரே காரியத்தைச் செய்கிறோம். ப-வை −3 பெருக்கிக்கொண்டிருக்கிறது, ஆகவே இரண்டு பக்கத்தையும் −3-ஆல் வகுக்கிறோம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருக்கும் ‘அல்-ஜபர்’ என்ற சொல்லிலிருந்துதான் ‘அல்ஜீப்ரா’ வந்தது. குறைந்ததை நிரப்பிச் சீராக்குவது என்பது அதன் பொருள். ஒரு பக்கம் கழிபட்டிருப்பதை இரண்டு பக்கமும் கூட்டி ஈடுசெய்வதை அவர் அப்படிச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு ‘பக்கம் மாற்றுகிறேன்’ என்று சொல்வதை விட்டுவிட்டு ‘இரண்டு பக்கமும் 5 கூட்டுகிறேன்’, ‘இரண்டு பக்கமும் வகுக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பழக்கம் வந்த பிறகு வேகமான வழிக்குத் திரும்பலாம்.

ஒரு படி சரியா என்று சந்தேகமாக இருக்கிறது

(ப + 5)² என்பதை ப² + 25 என்று எழுதலாமா? ப + 6-ஐ ப + 3-ஆல் வகுக்கும்போது ப-வை அடித்துவிட்டு 2 என்று எழுதலாமா? யாரையும் கேட்கவேண்டாம். ப இடத்தில் 1 போடுங்கள். (1 + 5)² = 36, ஆனால் 1 + 25 = 26. இரண்டாவதில் 7/4, அது 2 இல்லை. இரண்டுமே கூடாது. முதலாவதில் விடுபட்டது 10ப. இரண்டாவதில், கூட்டலில் நிற்கும் உறுப்பை அடிக்க முடியாது, பெருக்கலில் நிற்கும் காரணியாக இருந்தால்தான் அடிக்கலாம்.

இருபடிச் சமன்பாட்டில் ஒரே மூலம்தான் கிடைத்தது, அல்லது இரண்டுமே தப்பு

ப² = 5ப என்று இருந்ததை இரண்டு பக்கமும் ப-ஆல் வகுத்து ப = 5 என்று முடித்திருந்தால், 0 என்ற மூலத்தை, அதாவது சமன்பாட்டின் இன்னொரு விடையைத் தொலைத்துவிட்டீர்கள். மாறியால் வகுப்பது, அது பூஜ்யமாக இருக்காது என்று நாமே முடிவுகட்டுவதாகும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேர்த்து ப(ப − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள். ப² = 49-இல் −7-ஐ விட்டுவிடுவதும் இதே குடும்பம்தான்.

(ப − 2)(ப − 3) = 12 என்ற கணக்கில் 14, 15 என்று இரண்டு விடை வந்திருந்தால் காரணம் வேறு. பெருக்கி வருவது பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு காரணி பூஜ்யம் என்பது உண்மை. பெருக்கி வருவது 12 என்றால் ஏதோ ஒரு காரணி 12 என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 3 × 4-உம் 12 தானே. விரித்து எழுதினால் ப² − 5ப − 6 = 0, மூலங்கள் 6, −1. வலப்பக்கம் பூஜ்யம் ஆகும்வரை காரணிகளைப் பிரித்துத் தீர்க்கவேண்டாம்.

வயதுக் கணக்கில் விடை மைனஸ், அல்லது பூஜ்யம்

அப்பாவின் வயது மகனின் வயதைப்போல 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். மகனின் இப்போதைய வயது என்ன? 3ப + 12 = 2(ப + 12), ப = 12. அப்பாவுக்கு 36, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 48-உம் 24-உம்.

−12 வந்திருந்தால், அப்பாவுக்கு மட்டும் வயது ஏறியிருக்கிறது, மகன் அப்படியே நிற்கிறான். 3ப + 12 = 2ப என்று எழுதியிருப்பீர்கள். 0 வந்திருந்தால் இருவருக்கும் வயது ஏறிவிட்டது, அடைப்புக்குறி மட்டும் விட்டுப்போயிற்று.

இதைவிட ஆழமான ஒரு சறுக்கல் இருக்கிறது. ‘ஓர் ஆசிரியருக்கு ஆறு மாணவர்கள்; மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ப’ என்றால் பலர் 6ம = ப என்று எழுதுவார்கள். வாக்கியத்தில் ஆறும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இதே மாதிரிக் கேள்வியைக் கொடுத்துப் பார்த்து 1981-இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். ‘ம’ என்பது மாணவரைக் குறிக்கும் சுருக்கெழுத்து இல்லை, அது ஓர் எண். 5 ஆசிரியர் என்றால் 30 மாணவர்; 6 × 30 = 5 ஆகுமா? ஆகாது. ம = 6ப.

படித்தேன், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை

2015 ஜூன் மாதம் இங்கிலாந்தில் எடெக்செல் என்ற தேர்வு வாரியம் நடத்திய ஜிசிஎஸ்இ (நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) கணிதத் தேர்வில் வந்த ஒரு கேள்வி அந்த நாட்டையே பேசவைத்தது. தேர்வு முடிந்ததும் மாணவர்கள் ட்விட்டரில் குமுறினார்கள். கேள்வி இதுதான்: ஒரு பையில் ப மிட்டாய்கள். அதில் 6 ஆரஞ்சு, மற்றவை மஞ்சள். ஹன்னா பார்க்காமல் ஒன்றை எடுத்துத் தின்கிறாள். பிறகு இன்னொன்றை எடுத்துத் தின்கிறாள். இரண்டும் ஆரஞ்சாக இருக்க நிகழ்தகவு 1/3. ப² − ப − 90 = 0 என்று காட்டுக.

மிட்டாயிலிருந்து திடீரென்று ஓர் இருபடிச் சமன்பாட்டுக்குத் தாவுவதுபோல் தெரிகிறது, அதனால்தான் கை ஓடுவதில்லை. இங்கே நான் சொல்வது, கடைசி வரியைக் கையால் மறைத்துவிடுங்கள். ப என்ற எழுத்தையும் மறந்துவிட்டு, பையில் 10 மிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஆரஞ்சாக இருக்க 6/10. தின்றுவிட்டாள், ஆக ஆரஞ்சு 5, மொத்தம் 9. இரண்டாவது ஆரஞ்சாக இருக்க 5/9. இரண்டும் நடக்கவேண்டும் என்பதால் பெருக்கவேண்டும். இதே வரிகளை இப்போது ப வைத்துத் திரும்ப எழுதுங்கள்: 6/ப × 5/(ப − 1) = 1/3. குறுக்கே பெருக்கினால் ப(ப − 1) = 90. மறைத்த கையை எடுத்துப் பாருங்கள், கேட்ட சமன்பாடு அங்கே இருக்கிறது.

உங்களுக்கு ப² = 108 வந்திருந்தால் இரண்டு தடவையும் 6/ப போட்டிருக்கிறீர்கள். மிட்டாய் பைக்குத் திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. 108-க்கு முழு வர்க்கமூலம் கிடையாது, மிட்டாய்களைத் துண்டாக எண்ண முடியாது, அங்கேயே சந்தேகம் வரவேண்டும். ‘திருப்பி வைக்காமல்’ என்ற சொல் கேள்வியில் எங்கேயும் இல்லை. ‘தின்கிறாள்’ என்பதுதான் அதைச் சொல்கிறது. 6/ப × 6/(ப − 1) என்று எழுதி ப(ப − 1) = 108 வரை வந்திருந்தால் பாதிதான் கவனித்தீர்கள்: மொத்தத்தில் ஒன்று குறைத்தீர்கள், ஆரஞ்சில் குறைக்கவில்லை.

அடுத்த பகுதி ப-வைக் கண்டுபிடிக்கச் சொன்னது. (ப − 10)(ப + 9) = 0. மூலங்கள் 10, −9. பையில் −9 மிட்டாய் இருக்காது, ஆகவே அதை விட்டுவிடுகிறோம். விட்டதற்கான காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். 6/10 × 5/9 = 30/90 = 1/3.